முன்பணம் வாங்கிக்கொண்டுதானே வேலைக்குப் போனார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "படியாள், பண்ணையாள் எல்லாம் தாத்தா காலத்துக் கதை. இன்று செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, சம்மதித்துத்தான் போகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடாமல் கூடவே இழுத்துப்போவது பெற்றோரின் பொறுப்பின்மை. இதில் பழைய அநீதியை ஏன் கொண்டுவருகிறீர்கள்?"

கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வியாக இது எனக்குத் தெரியவில்லை. நன்றாகப் படித்தவர்கள், நல்ல அதிகாரிகள்கூட இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இதற்குப் பதில் சொல்ல, முதலில் சூளைக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். வரலாறு அப்புறம்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் சூளை வேலை பொங்கல் முடிந்ததும் சூடுபிடிக்கும். அடுத்த மழை வரும்வரை ஓடும். ஆள் பிடிப்பது மட்டும் அதற்கு முன்பே, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடந்து முடிந்துவிடும். அந்த மாதங்களில் வயல் வேலை இல்லை, கட்டட வேலை இல்லை, குடிசை ஒழுகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். சூளைக்கு ஆள் பிடிக்கும் தரகரான மேஸ்திரி வருவது சரியாக அப்போதுதான். பணம் தனியாளுக்குத் தரப்படாது, ஜோடிக்குத்தான். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால் ஒரு ஜோடி.

சூளையில் நாள் கூலி கிடையாது, கல் கூலிதான். ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு என்று பேச்சு. ஒருவர் மண்ணை வெட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துக் குழைப்பார். இன்னொருவர் அச்சில் அடித்துக் கல் அறுப்பார். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்கே ஆரம்பிப்பார்கள். அறுத்த பச்சைக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும், பிசிறு தட்ட வேண்டும், காற்றுப் போக அடுக்க வேண்டும். இதற்குப் பெரிய உடல் பலம் தேவையில்லை. எட்டு வயதுக் கை போதும்.

பதிவேடு என்று ஒன்று இருந்தால் அதில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்காது. முதலாளி பிள்ளையை வேலைக்கு வைக்கவில்லை, அதன் கையில் ஒரு ரூபாய் கொடுக்கவும் இல்லை. ஆய்வுக்கு வருகிறவரிடம் "சும்மா விளையாடிக்கிட்டு இருக்குது சார்" என்று சொன்னால் மறுக்க ஆவணம் கிடையாது. ஆனால் கணக்கு பேசும். பேச்சுக்காக, ஒரு ஜோடி மட்டும் வேலை செய்தால் ஒரு நாளில் ஆயிரம் கல், இரண்டு பிள்ளைகள் திருப்பவும் அடுக்கவும் இருந்தால் ஆயிரத்து முந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கல்லுக்குத் தரும் கூலி, இரண்டு பெரியவர்களின் குறைந்தபட்ச ஊதியத்துக்குப் பக்கத்தில்கூட வராத அளவில் நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அந்த முந்நூறு கல் இல்லாமல் சோறும் நடக்காது, கடனும் குறையாது. ஆக, பிள்ளையின் உழைப்பு கூலி விகிதத்துக்குள்ளேயே முன்கூட்டிக் கணக்கிடப்பட்டுவிட்டது. பெற்றோர் மனம் மாறினால் தீரும் சங்கதி இல்லை இது.

ஒடிசாவில் இதை மறைப்பதுகூட இல்லை. பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து தெலங்கானா, ஆந்திரா, தமிழ்நாட்டுச் சூளைகளுக்கு ஆள் அனுப்பும் தரகர்கள் 'பத்துரியா' என்ற அலகில் பேசுவார்கள். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை. மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பத்துரியா. முன்பணம் மூவருக்கும் சேர்த்து. பிள்ளை இல்லாத ஜோடிக்குத் துணையாக உறவுக்காரப் பிள்ளையைச் சேர்த்து அனுப்புவதும் உண்டு. 2011இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசாக்காரர்கள் மீட்கப்பட்டபோது, அவர்களில் பிள்ளைகளும் கணிசமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகை தருவார்கள். அது கூலியில் கழியும். மிச்சம் முன்பணத்தில் வரவு வைக்கப்படும் என்பது பேச்சு. நோட்டு முதலாளியிடம் இருக்கும், கணக்குப்பிள்ளை எழுதுவார். கோடை மழையில் பச்சைக் கல் கரைந்தால் அந்தக் கல்லுக்குக் கூலி இல்லை. உடைந்ததற்கும் நெளிந்ததற்கும் கழிவு என்று பல சூளைகளில் ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கல் அறுத்துத் தர வேண்டும். நடுவில் பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் என்றால் அந்தச் செலவும் நோட்டில் ஏறும். ஆனி மாதம் கணக்குப் பார்க்கும்போது "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று ஒரு எண் வரும். அந்த எண்ணைச் சரிபார்க்கும் படிப்பு எதிரில் நிற்பவரிடம் இருக்காது. அப்புறம் அடுத்த மழைக்காலம், அடுத்த மேஸ்திரி.

ஊரில் சாவு என்றால்? ஒருவர் போகலாம். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருக்க வேண்டும். இதை ஈடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதுகாப்புக்காக என்பார்கள்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். செங்கல்பட்டு என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 'இன்னார் என் அடிமை' என்ற உரிமைக் கோரிக்கையை இனி நீதிமன்றம் ஏற்காது என்றது சட்டம். அடிமைகளை யாரும் தேடிப்போய் விடுவிக்கவில்லை. அடிமை வைத்திருப்பது தண்டனைச் சட்டப்படி குற்றமானதே 1862இல்தான். இடையில் 1859இல் இன்னொரு சட்டம் வந்தது: முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கு அனுப்பலாம். அதாவது, ஒருவனைச் சொத்து என்று சொல்லிப் பிடித்து வைக்க முடியாது, கடன்காரன் என்று சொல்லிப் பிடித்து வைக்கலாம். இந்த 1859 சட்டம் 1920களின் நடுவில்தான் ரத்தானது. ஒரு தலைமுறைக்குள் சென்னை மாகாணத்தின் அடிமைகள் கடனாளிகள் ஆனார்கள். ஆள் மாறவில்லை, சாதி மாறவில்லை, வயலும் மாறவில்லை.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜேம்ஸ் ட்ரெமென்ஹீர், தன் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று நாம் பேசுகிறோமே, அதற்கு வேர் அந்த அறிக்கைதான். நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் இன்னொரு பாதியை அதிகம் பேசுவதில்லை. கல்யாணம் போன்ற செலவுக்கு மிராசுதாரிடம் சின்னத் தொகை வாங்கிக் கட்டுப்பட்ட படியாட்கள், அடையாத அந்தக் கடன், அப்பன் பட்ட கடனுக்குள் மகனும் வந்து சேர்வது எல்லாம் அதில் இருக்கின்றன. இவர்கள் ஏன் எதிர்த்துப் பேச முடியவில்லை என்பதற்கு அவர் கண்ட காரணம்தான் முக்கியம்: குடியிருக்கும் மண் அவர்களுடையதில்லை. சேரி நத்தம் மிராசுதாரின் பிடியில். முறைத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை.

1892இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் எப்படி எப்படியெல்லாம் கைமாறியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். நூறாண்டு கழித்து, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆக, 1891இல் ஆட்சியர் எழுதிய சங்கிலியில் இரண்டு கண்ணிகள். காலுக்குக் கீழே சொந்த மண் இல்லை. வேலையில்லாக் காலத்தில் கையில் காசு இல்லை. இன்றைய சூளைக் கணக்கை மறுபடி பாருங்கள். அதே மாவட்டம், அதே இரண்டு கண்ணி.

'இதெல்லாம் காலப்போக்கில் தானாகவே தேய்ந்துவிடும்' என்று சிலர் சொல்வதுண்டு. தஞ்சாவூரை எடுத்துப் பார்த்தால் அப்படித் தேயவில்லை என்பது தெரியும். கீழத்தஞ்சையில் பண்ணையாள் முறை செங்கல்பட்டை விடக் கொடுமையாக இருந்தது. சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் அங்கே சாதாரணத் தண்டனைகள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் 1944இல் மன்னார்குடியில் போட்ட ஒப்பந்தத்தில்தான் அவை நிறுத்தப்பட்டன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் பிரச்சினையில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது: விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம். அந்தச் சட்டத்தால் அதிகம் பயன்பெற்றது டெல்டாதான். என் கணிப்பில், டெல்டாவில் பண்ணையாள் முறை முறிந்ததற்குச் சங்கத்துக்கு அடுத்தபடி இந்தச் சட்டத்துக்குத்தான் பெருமை போக வேண்டும். வீட்டுமனை தன் பெயருக்கு வந்தவன் மறுநாள் காலை வேறு கூலி கேட்கலாம். வறுமை அங்கே போய்விடவில்லை. ஆனால் ஆண்டையின் பிடி போனது.

செங்கல்பட்டு போன்ற வட மாவட்டங்களில் அந்த அளவு சங்கமும் இல்லை, மனையும் வரவில்லை. பறையர் குடும்பங்கள் பல படிப்பாலும் சென்னையின் வேலைகளாலும் மெல்ல வெளியேறின. காலியான இடத்துக்கு இருளர் என்ற பழங்குடியினர் வந்து சேர்ந்தார்கள். இது எப்படி நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இருளர்கள் பண்ணை அடிமைகளாக இருந்தவர்கள் அல்ல. காட்டையும் கரம்பையும் நம்பி வாழ்ந்தவர்கள்: தேன், கிழங்கு, மூலிகை, விறகு, வயலில் எலி, பாம்புத் தோல். 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டை மூடியது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதையடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தின. பாம்பைக் காப்பாற்றியது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோலில் பிழைத்தவனுக்கு மாற்று என்ன என்று அப்போது சட்டம் போட்டவர்கள் கேட்கவில்லை. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக அங்கிருந்துதான் போகிறது. ஆனால் அதில் பிழைத்தது சில நூறு குடும்பம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்கள் கிட்டத்தட்ட 1.9 லட்சம். மற்றவர்களுக்குக் கிடைத்தது அரிசி ஆலைக் களம், சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு, கரிமூட்டம், செங்கல் சூளை. எல்லாமே முன்பணத் தொழில்.

குடியிருப்பு? ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, யாராவது ஒருவர் காவலுக்கு வைத்துக்கொண்ட தோப்பு. பட்டா இல்லை. பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வாங்குவது அதைவிடப் பெரிய பாடு. மற்ற சாதிச் சான்றுகளைப் போலத் தாசில்தார் கொடுத்துவிட முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும். அவர் விசாரிப்பார். அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கூடமே போகவில்லை, அவருக்கு எதற்கு யார் சான்று கொடுத்திருப்பார்கள்? பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை இந்த ஒரு காகிதத்துக்காக நின்றுபோன கதை இருளர் குடியிருப்புகளில் சாதாரணம்.

இப்போது பிள்ளைகளின் பள்ளிக்கு வருவோம். பெற்றோர் பொறுப்பில்லை என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே.

இந்தியாவிலேயே பள்ளிப் பிள்ளைக்கு அதிகம் செய்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1950களில் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரித்த சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, பஸ் பாஸ், சீருடை, புத்தகம். ஆனால் இவை எல்லாமே ஒரு முகவரியில் இருக்கும் பிள்ளைக்கு. அந்த ஊர்ப் பள்ளி, அந்த ஊர் அங்கன்வாடி, அந்த ஊர் ரேஷன் கடை. முன்பணம் செய்யும் முதல் காரியமே குடும்பத்தை முகவரியிலிருந்து பெயர்ப்பதுதான். ஜனவரியில் கிளம்பிய பிள்ளை ஜூன் ஜூலையில் திரும்புகிறது. சத்துணவு முட்டை ஊரில், பிள்ளை சூளையில். பெயர் பதிவேட்டில் இருக்கும். எட்டாம் வகுப்புவரை தேர்ச்சியும் உண்டு. இப்படி ஆறு வருஷம் போனபின் எட்டாம் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குத் தன் பெயருக்கு மேல் எழுதத் தெரியாது. அவமானம் தாங்காமல் ஒன்பதாம் வகுப்போடு நிற்கும். பதினாறு வயதில் கல்யாணம், பதினேழில் புது ஜோடி. மேஸ்திரியின் நோட்டில் ஒரு பெயர் கூடும்.

ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுப்போகலாமே என்பீர்கள். ஏரிக்கரைக் குடிசையில், கதவில்லாத வீட்டில், பத்து வயதுப் பெண் பிள்ளையை ஆறு மாதம் விட்டுப்போக நீங்களோ நானோ துணிவோமா?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை, வருஷத்தின் நடுவில் வந்திருக்கிறார்கள் என்று எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. திருவள்ளூரில் ஒடியா மொழிப் புத்தகங்களை வரவழைத்து, சூளைப் பக்கத்திலேயே வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். அருமையான முயற்சி. முதலாளிகள் சிலர் இடமும் வண்டியும் கொடுத்தார்கள். ஆனாலும் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து கல் திருப்பிய பிள்ளை ஒன்பது மணி வகுப்பில் தூங்கிவிழும். கூலி விகிதத்தைத் தொடாமல் பள்ளியை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்தால் அவ்வளவுதான் நடக்கும்.

பிள்ளையைத் தனியாகவே அடகு வைப்பதும் ஒழிந்துவிடவில்லை. டெல்டாவிலும் பாலாற்றுப் பக்கத்திலும் ஆடு, வாத்து மேய்க்கிறவர்களிடம் சில ஆயிரம் ரூபாய்க்குச் சிறுவர்கள் விடப்படுவதை மாவட்ட நிர்வாகங்களே அவ்வப்போது கண்டுபிடித்து மீட்டிருக்கின்றன. 2025 மே மாதம் வெளியான செய்தி ஒன்று: ஆந்திராவின் யானாதிப் பழங்குடியைச் சேர்ந்த விதவைத் தாய், 25,000 ரூபாய்க் கடனுக்கு ஈடாக வாத்து மேய்ப்பவரிடம் விட்ட ஒன்பது வயது மகனைக் கேட்டு வந்தபோது, பையன் ஓடிவிட்டான் என்றார்கள். உடல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்தது. யானாதிகளும் இருளர்களைப் போலக் காட்டையும் நீரையும் நம்பியிருந்தவர்கள்தான்.

முன்பணம் என்ற வடிவம் மாறவும் செய்யும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்க நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் பெற்றதில் பணம் கடைசியில் வரும். பதினைந்து, பதினாறு வயதுப் பெண் மூன்று வருஷம் விடுதியில் அடைந்து வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்பது பேச்சு. நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அது கைவிட்டுப்போகும். முன்னால் கொடுத்துக் கட்டுவதும் பின்னால் தருகிறேன் என்று கட்டுவதும் செய்வது ஒன்றையே.

முதலாளி தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது, அதையும் பார்த்துவிடலாம். சீசன் ஆரம்பத்தில் அவர் பல லட்சம் முன்பணமாக இறைக்கிறார். பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம். இரண்டு இடத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற ஜோடியும் உண்டு. இது பொய்யில்லை. ஆனால் ஒரு கேள்வி: அவ்வளவு நஷ்ட பயம் இருந்தும் ஏன் முன்பணமே இல்லாமல், வாரா வாரம் முழுக்கூலி என்று ஆள் எடுப்பதில்லை? அப்படி எடுத்தால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும், பக்கத்துச் சூளையில் ஐம்பது ரூபாய் அதிகம் என்றால் ஆள் போய்விடுவார். முன்பணம் இந்த இரண்டையும் தடுக்கிறது. கூலியை மலிவாக வைக்கவும் ஆளை நிறுத்தவும் அவர் தரும் விலை அது. கடன் திரும்பி வராதது அவருக்கு நஷ்டம் மாதிரித் தெரிந்தாலும், முழுக்க அடைந்துவிட்டால்தான் அவருக்கு உண்மையான சங்கடம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் முழுச் சட்டமானது கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். இப்படிப்பட்ட கடன் அனைத்தும் ரத்து, திருப்பி வாங்குவதே குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மேல். சம்மதித்துத்தானே போனார்கள் என்பதற்கான பதிலை உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் நீதிபதி பகவதி, வறுமையும் பசியும் வேறு வழி இல்லாமல் செய்து, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே ஒருவரை உழைக்க வைத்தால் அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றார். சங்கிலி, சாட்டை எதுவும் தேவையில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், 1995இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அரசுத் தரப்பு ஏற்கவில்லை. இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று அரசு அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். உறுதிமொழி எடுத்த அதே அலுவலகத்தில், மனுக் கொண்டுவந்தவரிடம் "ஆனா நீங்க காசு வாங்கியிருக்கீங்களே" என்று கேட்பதும் நடக்கும். இதற்குக் கெட்ட மனசு காரணமில்லை. மாவட்டத்தில் கொத்தடிமை இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்ற கேள்வி வரும். அதனால் 'கூலித் தகராறு' என்று எழுதி முடித்துவிடுவது எளிது.

மீட்ட பிறகும் வழி குறுகல்தான். 2016 மத்தியத் திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிக மோசமான கொடுமைக்கு மூன்று லட்சம். உடனே கிடைப்பது சில பத்தாயிரம் மட்டுமே. முழுத் தொகை முதலாளி மீதான வழக்கு முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கோ வருஷக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர் அதற்குள் வேறு சூளையில் இருப்பார். மீட்கப்பட்ட குடும்பம் திரும்பிப் போகும் இடம் அதே ஏரிக்கரைதான், அடுத்த ஐப்பசி வரத்தான் செய்யும்.

என்ன செய்தால் அறும் என்பதற்கு டெல்டா ஒரு பாடம். மீட்ட குடும்பத்துக்கு, குடியிருக்கிற இடத்திலோ பக்கத்திலோ வீட்டுமனைப் பட்டா அதே மாதத்தில் கிடைக்க வேண்டும், அதோடு சாதிச் சான்று. மழைக்காலத்துக்குக் கைக்காசு. நூறு நாள் வேலை நன்றாக நடந்த ஊர்களில் மேஸ்திரிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமானது என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலை தருவதா, தந்த வேலைக்குக் கூலியைத் தாமதிக்காமல் போடுவதா என்பதில்தான் மேஸ்திரியின் தொழில் இருக்கிறது. இவற்றில் எதுவுமே புதுச் சட்டம் கேட்பவை அல்ல.

கடைசியாக, கேட்டவருக்கு உதவக்கூடிய ஒன்று. சூளையிலோ ஆலையிலோ பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்தால் பலரும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் 'குழந்தைத் தொழிலாளர்' என்று மட்டும் சொன்னால் அதிகாரிகள் வந்து பிள்ளையை மட்டும் அழைத்துப்போவார்கள். பெற்றோர் கடனோடு அங்கேயே இருப்பார்கள். சில வாரத்தில் பிள்ளையும் திரும்பி வந்துவிடும். அதனால் கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். அதில் முன்பணம் எவ்வளவு, வெளியே போக விடுகிறார்களா, வாரம் என்ன தருகிறார்கள் என்ற மூன்றையும் எழுதி, கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி முழுக் குடும்பத்தையும் விசாரிக்கும்படி கேளுங்கள். விசாரணை முதலாளி முன்னால் நடக்கக் கூடாது. விடுவிப்புச் சான்றிதழ் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக, பிள்ளையின் பெயருக்கும் சேர்த்து வாங்க வேண்டும். அது இருந்தால்தான் கடன் ரத்தானதற்கும் நிவாரணத்துக்கும் ஆதாரம் இருக்கும்.